‘18வது அட்சக்கோடு’ம் பெரம்பூர்ப் பக்கத்து வாசகர்களும்

செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பு. அங்கே வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு வேலை என்று அவன் திரிந்துகொண்டிருக்கும்போதே சுற்றிலும் நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானம் சரிந்து விழுகிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977-ல் வந்த நாவல். வடசென்னையில் வாசகர் வட்டம் நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், “நம்ம ஏரியா கதை இல்லியே சார்” என்று தயங்குகிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. சென்னையில் இந்த நாவலை வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் குடும்பங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறவர்கள் கொருக்குப்பேட்டை தொடங்கித் திருவொற்றியூர் வரை இருக்கிறார்கள். பெரியமேடு, புளியந்தோப்பில் உருது. பெரம்பூரிலும் ராயபுரத்திலும் ஆங்கிலோ இந்தியர்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள். பிறந்து வளர்ந்த ஊரிலேயே “நீ எந்த ஊரு?” என்ற கேள்வியை எதிர்கொண்டவர்கள் இவர்கள்.

அதனால் எதிர்வினைக்குப் பஞ்சமிருக்காது. அதை நாவலை விட்டு ஓடாமல் பிடித்து வைப்பதில்தான் பாடு. இந்தப் பதிவு அதற்காக.

முதலில் ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஏ4-ல் ஒரு பக்கம் போதும். முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் வாசகர்கள் பலர் இதைப் பிரிவினை நாவல் என்று எடுத்துக்கொண்டு, எல்லை எங்கே, அகதி ரயில் எங்கே என்று தேடுவார்கள். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் ஹைதராபாத் இந்தியாவில் சேராமல் பதின்மூன்று மாதம் தனியாக இருந்தது என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி. அதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போனால் சந்திரசேகரனின் குழப்பமே புரியாது. ஊரெல்லாம் சுதந்திரம் வந்துவிட்டது, அவன் தெருவுக்கு மட்டும் வரவில்லை. தாளில் இருக்க வேண்டிய தேதிகள்: 1947 நவம்பர் 29, நிஜாமுக்கும் இந்திய அரசுக்கும் ஓராண்டு நடப்பு நிலை ஒப்பந்தம். 1948 ஜனவரி 30, காந்தி கொலை. 1948 செப்டம்பர் 13, இந்திய ராணுவம் நுழைகிறது. 17-ல் நிஜாம் பணிகிறார். அரசு இதற்கு வைத்த பெயர் போலீஸ் நடவடிக்கை. 1956 நவம்பர் 1, அந்த மாநிலமே மூன்றாகப் பிரிந்து ஆந்திரா, பம்பாய், மைசூரோடு சேர்கிறது. நிஜாம் ஆட்சிக்கு ஆதரவாக நின்ற தனிப்படையான ரஜாக்கர்கள் யார், அவர்களின் தலைவர் காசிம் ரஸ்வி யார் என்று இரண்டு வரி. நிஜாமுக்கென்று தனி ரயில்வே, தனித் தபால், தனி நாணயம் எல்லாம் இருந்தன என்று ஒரு வரி. ஏழு ஹைதராபாத் ரூபாய் ஆறு இந்திய ரூபாய்க்குச் சமம் என்பதைக் கட்டாயம் போடுங்கள். “வேறு நாடு” என்பது உடனே உறைக்கும். சட்டம், ஒப்பந்தம் என்று பத்து நிமிடம் பேசினாலும் அவ்வளவு உறைக்காது.

தாளில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். எழுதினால் பாதிப் பேர் தாளை மட்டும் படித்துவிட்டு வருவார்கள்.

கூட்டம் எப்போது? ஞாயிறு காலை பத்தரை என்று வைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ. வடசென்னையில் ஞாயிறு காலை என்பது கறிக்கடை வரிசை, மசாலா அரைப்பு, இரண்டு மணிச் சாப்பாடு. அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு “பெண்கள் வருவதில்லை” என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. நாலரை மணிக்கு வையுங்கள், ஆறரைக்குள் முடியுங்கள். ரமலான் மாதத்தில் மாலைக் கூட்டமே வேண்டாம். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரையும் நம்ப முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியிலிருந்து வருகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், வரமாட்டார்கள். ஷிப்டு வேலைக்காரர்களுக்காக தேதியை மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் இருந்தால் போதும். இருபதைத் தாண்டினால் அது பொதுக்கூட்டம், மைக் கேட்பார்கள். மூன்று அமர்வாகப் பிரியுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுவதால் அத்தியாய எண்ணை வைத்துப் பிரிப்பதுதான் சரி. 1948 செப்டம்பர் நிகழ்ச்சிகள் மூன்றாவது அமர்வில் விழ வேண்டும். பதினைந்து பேருக்கு ஆறு பிரதி இருந்தால் சமாளிக்கலாம், கைமாற்றும் வரிசையை முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டால். உங்கள் கிளை நூலகத்தில் இல்லையென்றால் எழும்பூர் கன்னிமாராவில் பார்க்கலாம். தமிழில் வேகமாக வாசிக்க வராத உருது, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். அது குறைச்சல் இல்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் பேசட்டும்.

எதிர்வினையைப் பேச்சாக வாங்குவதற்கு முன் எழுத்தாக வாங்கிவிட வேண்டும். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். முதலில் பேசுகிறவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவராக இருந்து, “அருமையான நாவல், அந்தக் காலத்து ஒழுக்கம்” என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த ஏழு பேரும் அந்தத் தடத்திலேயே போவார்கள். அவர்மேல் தப்பில்லை. பெரியவர் ஒன்று சொன்ன பிறகு மாற்றிப் பேச நம் ஊரில் கூச்சம். ஆகவே உட்கார்ந்ததும் ஆளுக்கு அரைத்தாள், பத்து நிமிடம், பெயர் வேண்டாம். மூன்று கேள்வி: எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்? எந்த இடத்தைத் திரும்பப் படித்தீர்கள்? கதையில் யாரிடம் பேச ஆசைப்பட்டீர்கள்? “பிடித்ததா” என்று கேட்காதீர்கள். “பிடித்தது” என்றே வரும். சீட்டுகளைக் கலைத்துக் கூட்ட நடத்துநர் வாசிக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான், ஆளுக்கு மூன்று நிமிடம். கைபேசியில் மணி வைத்துவிட்டால் நிறுத்தச் சொல்லும் பழி உங்கள்மேல் விழாது.

அடையாளம், பண்பாடு, வேர் ஆகிய சொற்களை முதல் ஒரு மணி நேரத்துக்கு யாரும் எடுக்க வேண்டாம் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுங்கள். அவை வந்ததும் நல்லவர்கள்கூட மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கணக்குப் போடும்போது மனசுக்குள் எந்த மொழியில் எண்ணுகிறீர்கள், பாட்டி உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுவார், பள்ளிச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். சாதியையும் மதத்தையும் கேள்வியாக வைக்க வேண்டியதில்லை. சொல்ல நினைப்பவர்கள் தாங்களே சொல்வார்கள்.

முதல் அமர்வில் அநேகமாக எல்லாச் சீட்டிலும் ஒரே புகார் இருக்கும்: “ஒண்ணுமே நடக்கலை.” அசோகமித்திரனை முதன்முறை படிக்கிற யாருக்கும் இது வரும். நாவலை மூடி வைத்த இடம் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் காரணம் இதுதான். நடை உயர்ந்தது, எளிமை கடினமானது என்றெல்லாம் வக்காலத்து வாங்க வேண்டாம். கிரிக்கெட் வருகிற ஏதாவது நாலு பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காதால் கேட்கும்போது அதிலுள்ள நக்கல் தெரியும், சிரிப்பு வரும். தெருவிலோ ரயில்வே மைதானத்திலோ டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள் அங்கேயே உள்ளே வந்துவிடுவார்கள். டீமில் யார் இருக்கலாம், யாரைக் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்று அவர்கள் கவனிக்கத் தொடங்கினால் பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொரு புகார், சில இடங்களில் “நான்”, சில இடங்களில் “சந்திரசேகரன்” என்று கதை மாறி மாறிப் போகிறதே, அச்சுப்பிழையா என்பது. கேட்டவரைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். இந்த நாவலில் கேட்கத்தக்க முதல் கேள்வி அது. தன்னைத் தானாகச் சொல்ல முடிகிற இடம் எது, வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கும் இடம் எது என்று இரண்டு பேரை விட்டு அத்தியாயவாரியாகக் குறித்து வரச் சொல்லுங்கள். அடுத்த அமர்வுக்கு அதுவே வேலை. ஒழுங்கான விதி ஒன்று கிடைக்குமா என்றால், என் வாசிப்பில் கிடைக்காது. தேடுகிற வேலையில் நாவலை இரண்டாவது முறை படித்துவிடுகிறார்கள், அது லாபம்.

“இது அவர் சொந்தக் கதையா?” என்ற கேள்வியை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். அசோகமித்திரன் 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர், தந்தை ரயில்வே ஊழியர், தந்தை இறந்தபின் 1952-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. அவ்வளவு போதும். அதற்குமேல் போனால் நாவல் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

இனி குடும்பக் கதைகள். இரண்டாவது அமர்வில் வந்து கொட்டும். ஒருவர் தாத்தா குவார்ட்டர்ஸில் பட்லர் வைத்திருந்த ஆங்கிலோ இந்திய டிரைவரைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் வீட்டில் ரங்கூனை விட்டு வந்தபோது கையில் கொண்டுவந்தது என்ன என்று சொல்வார். தெலுங்கு வீட்டுப் பெண் ஒருவர், பள்ளியில் தமிழ் கட்டாயமானபோது அப்பாவும் மகளும் ஒரே அரிச்சுவடியை வைத்துப் படித்த கதையைச் சொல்லலாம். 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தலைமுறைக்கு இது நேரடி அனுபவம். நடத்துநர்கள் இங்கே இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒன்று, “நாவலைப் பற்றி மட்டும் பேசுங்க” என்று வெட்டுவது. சொன்னவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். மற்றது, கண் கலங்கி ஓடவிடுவது. மாலை போய்விடும், புத்தகம் மூடியபடியே கிடக்கும்.

கதையை முழுதாகக் கேளுங்கள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நாவல்ல எந்த இடம் இதை ஞாபகப்படுத்துச்சு?” அவர் இடத்தைக் காட்டினால் அங்கே ஐந்து வரி வாசியுங்கள். பெரும்பாலும் அந்த வரிகளில் அவர் நினைத்தது இருக்காது, அதற்குப் பக்கத்தில் வேறொன்று இருக்கும். ரயில்வேக்காரர்கள் குவார்ட்டர்ஸ் ஒற்றுமையைப் பற்றி நெகிழ்ந்து பேசிவிட்டு இடத்தைத் திறந்தால், அங்கே யார் வீட்டுக்குள் யார் போகலாம் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நெகிழ்ச்சிக்கும் அந்த வரிக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. இடம் காட்ட முடியவில்லையென்றால் பரவாயில்லை, நன்றி சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: “சந்திரசேகரன் இடத்தில் நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?” எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள், கூட்டம் அங்கேயே படுத்துவிடும். “அவன் பார்க்கத் தவறினது என்ன?” என்று கேட்டால் வேறு மாதிரி போகும். இந்தக் கேள்வி விழுந்தவுடன் புளியந்தோப்பு, வியாசர்பாடி வாசகர்களிடமிருந்து நிச்சயம் வரக்கூடிய ஒரு பதில்: “இது ஐயர் வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்த ஊரு. மத்தவங்க எங்க?” இதை எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு சமாதானம் சொல்லாதீர்கள். சரியான வாசிப்பு அது. அந்த ஜன்னலின் அளவை நாவல் மறைக்கவில்லை, அதே சமயம் தாண்டியும் போகவில்லை. எது பலம், எது குறை என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரியட்டும். ஒருமித்த முடிவுக்குக் கொண்டுவர நடத்துநர் முயன்றால் குறை சொன்னவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

உருது பேசும் வாசகர்களின் எதிர்வினை இன்னும் சிக்கலானது. ரஜாக்கர் என்ற சொல் வரும்போதெல்லாம் அறையில் இருக்கிற ஒரே ஒரு பாயைப் பார்த்து நாலு தலை திரும்பும். திரும்புகிறவர்களுக்கே அது தெரியாது. “பாய், நீங்க சொல்லுங்க” என்று நடத்துநரும் சேர்ந்துகொண்டால் அவர் ஒரு சமுதாயத்தின் வக்கீலாகிவிடுவார், வாசகராக இருக்க முடியாது. அவருக்கும் மற்றவர்களைப் போலச் சீட்டு வரிசையில் முறை வரட்டும். சீட்டில் பெயர் வேண்டாம் என்று சொன்னதற்கு இது முக்கியக் காரணம். தாளில் ரஜாக்கர் பற்றிய இரண்டு வரியிலேயே, நிஜாம் ஆட்சியில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இல்லை என்பதையும், அந்த ஆட்சியை எதிர்த்து எழுதிய முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது அமர்வுதான் கடினம். கலவர இரவில் சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் விழுகிறான். அங்கே பயந்து ஒடுங்கியிருக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன் உடலையே அவனிடம் ஒப்படைக்கத் துணிகிறாள். அவன் வெட்கி ஓடுகிறான். நாவல் அதோடு முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதியை யாரையும் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள், குறிப்பாக நன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தெரிந்த ஆண்களை. மூன்று நிமிடம் எல்லோரும் தனித்தனியாக மறுபடி படிக்கட்டும். பிறகு சீட்டு.

ஆண்களின் சீட்டுகளில் “அன்றுதான் அவன் வளர்ந்தான்” என்கிற மாதிரி வாக்கியம் வரும். பெண்களின் சீட்டுகளில் வருவது வேறு: அவன் வளருவதற்கு அந்தப் பெண் ஏன் இதற்கு நிற்க வேண்டும்? அவள் கதையில் வருவதே அதற்காகத்தானா? இந்த ஆட்சேபத்துக்கு நாவலில் முழுப் பதில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும் ஒரு தகவல் இருக்கிறது, அதை இந்த இடம் வரை கையில் வைத்திருங்கள், முதல் நாள் தாளில் போடாதீர்கள். போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு ஹைதராபாத் மாநிலத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை விசாரிக்க நேருவின் அரசு சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு. அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. அந்தப் பெண் ஏன் அவனைக் கண்டதும் அந்த முடிவுக்குப் போனாள் என்பதற்குக் காரணம் அவனிடம் இல்லை, அவனுக்கு முன் வேறு வீடுகளில் நுழைந்தவர்களிடம் இருக்கிறது. சந்திரசேகரனுக்கு அது தெரியாது. 1977-ல் படித்த வாசகர்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. இதைச் சொன்ன பிறகு, அதே மூன்று நிமிடப் பகுதியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். “அவன் நல்லவன்” என்ற வாசிப்பு இங்கே ஆட்டம் காணும். அவனைப் பார்த்து அவள் பயந்தது தவறில்லை என்பதில் ஆண்களும் வந்து சேர்வார்கள்.

இந்தப் புள்ளியில் யாராவது 1921-ஐக் கொண்டுவருவார்கள். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும் இந்தப் பகுதியில் இன்னும் பேச்சில் இருப்பவை. தாராளமாகப் பேசட்டும், ஐந்து நிமிடம். “அதே கதைதான்” என்று முடிச்சுப் போட மட்டும் விடாதீர்கள். அங்கே வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையில் மூண்டது. நிர்வாகம், கூலி, சாதி, கட்சி எல்லாம் அதில் இருந்தன. ஹைதராபாத்தில் ஒரு அரசு விழுந்தது. இரண்டையும் ஒட்டவைத்தால் இரண்டுமே மங்கிவிடும். அன்றைய செய்தித்தாள் அரசியல் வந்தாலும் இதே ஐந்து நிமிடக் கணக்கு. தேர்தல் அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் மூன்றாவது அமர்வை வைக்கவே வேண்டாம்.

வாட்ஸ்ஆப் குழு பற்றி. நேரம், இடம், அத்தியாய எண், இதற்கு மட்டும். கருத்து அங்கே போட ஆரம்பித்தால் கூட்டத்துக்கு வரும்போது பேச ஒன்றும் மிச்சமிருக்காது, முடிவையும் யாராவது சொல்லித் தொலைப்பார்கள்.

மூன்று அமர்வு முடிந்தால் சுமார் நாற்பது அரைத்தாள்கள் சேரும். தட்டச்சு செய்யும்போது மொழியைத் திருத்தாதீர்கள். “இஸ்துகினு” என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆளை அடையாளம் காட்டுகிற குடும்பத் தகவல்களை மட்டும் எடுத்துவிட்டு, எழுதியவர்களிடம் ஒருமுறை காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அமர்வு வாரியாகக் கோப்பில் போட்டு நூலகரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடலாம். அடுத்த வருடம் வேறு ஆட்கள் இதே நாவலை எடுக்கும்போது, தங்கள் சீட்டுகளை எழுதி முடித்த பிறகு இவற்றைப் பிரித்துப் படிக்கட்டும்.